ஸ்டென்ட் வெச்ச அப்பாவுக்கு பல்லு புடுங்கணும், மாத்திரைய நிறுத்தலாமா?

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 67 வயசு, ஏழு மாசம் முன்னாடி ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் (அடைச்ச ரத்தக்குழாயைத் திறந்து வைக்கிற சின்ன வலைக்குழாய்) வெச்சாங்க, அதுலேர்ந்து ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரெல் 75 ரெண்டும் தினமும் மதியம் சாப்பிட்டுட்டு போடுறாரு. இப்ப கடவாப்பல்லு ஆடுது, புடுங்கணும். பல் டாக்டர் அஞ்சு நாள் ரெண்டையும் நிறுத்திட்டு வாங்கன்னு சர்வசாதாரணமா சொல்லிட்டாரு. ஆனா கார்டியாலஜிஸ்ட், யார் சொன்னாலும் என்னைக் கேக்காம ஒரு நாள்கூட விடக்கூடாது, ஸ்டென்ட்டுக்குள்ள ரத்தம் உறைஞ்சா திரும்ப அட்டாக்தான்னு டிஸ்சார்ஜ் சீட்டுலயே சிவப்பு பேனால எழுதிக் குடுத்திருக்காரு. அவர் ஊர்ல இல்ல, திங்கக்கெழமைதான் வர்றாரு, அதுவரைக்கும் எதையும் நிறுத்தல.

இதுக்கு நடுவுல அப்பா வலி தாங்காம மெடிக்கல் ஷாப்ல டைக்ளோஃபெனாக் வாங்கி ரெண்டு நாள் போட்டிருக்காரு, ஆஸ்பிரினோட அது சேந்தா வயித்துல ரத்தக்கசிவு வரலாம், பாத்ததும் பிடுங்கி வெச்சுட்டேன். அதே கடைல கேஸுக்குன்னு ஒமிப்ரசோல் வேற குடுத்திருக்காங்க, அது குளோபிடோக்ரெலோட வேலையக் கொறைக்கும், அவருக்கு எழுதினது பேண்டோப்ரசோல். முழங்கைல லேசா இடிச்சதுக்கே நாவப்பழ கலர்ல கன்னிப்போயிருக்கு. வயித்துல ரத்தம் கசியுதான்னு தெரிஞ்சுக்க, மலம் கறுப்பா போகுதான்னு டெய்லி கேக்குறேன், இல்லங்கிறாரு, கேட்டா கோவம் வேற.

மாத்திரைய நிறுத்தாமலே பல்லு புடுங்கினவங்க யாராச்சும் இருக்கீங்களா? தையல் போட்டாங்களா, ரத்தம் நிக்க எவ்ளோ நேரமாச்சு? நீங்களே கார்டியாலஜிஸ்ட்ட ஒரு வார்த்தை பேசுங்கன்னு பல் டாக்டர்ட்ட சொன்னா தப்பா எடுத்துப்பாரா?