அலாஸ்கா கப்பலுக்கு என்ன துணி? – பெரியவீடு குரூப், சனிக்கிழமை

சரோஜா பெரியம்மா, காலை 6:12
ஆடிப்பெருக்கு முடிஞ்ச நாலாம் நாள் பிளைட். சியாட்டில்ல ரெண்டு நாள் இருந்துட்டு ஏழு ராத்திரி கப்பல். ஆகஸ்ட்னா அங்க கோடைதானேன்னு எட்டு காட்டன் புடவை, ஒரு ஸ்வெட்டர் எடுத்து வச்சிருக்கேன். போதுமா? வித்யா, குமாரு, ரெண்டு பேரும் பார்த்துச் சொல்லுங்க.

வித்யா, காலை 6:31
பெரியம்மா, அந்த எட்டையும் திரும்ப பீரோவுலயே வச்சுடுங்க. கோடைன்னு பேருதான். கப்பல் நிக்கிற ஜூனோ ஊர்ல ஆகஸ்ட் மாசம் மத்தியானமே 16, 17 டிகிரி. விடியக்காலம் 9, 10. கும்பகோணத்துல மார்கழி விடியக்காலம் 20, 21 இருக்கும், அதுக்கே ஊரே மப்ளர் கட்டிக்கிட்டு கோயிலுக்குப் போகும். அங்க உச்சிப்பொழுதே அதைவிடக் குளிர்.

வித்யா, காலை 6:34
மழை தனி. கப்பல் நிக்கிற இன்னொரு ஊர் கெச்சிக்கன்ல வருஷத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல பெய்யும். நம்ம பக்கம் சுமார் 1,000தான். ஆனா ஐப்பசி அடைமழை மாதிரி கொட்டாது. காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் பொசபொசன்னு தூறிக்கிட்டே இருக்கும். "இதுக்கா மழை ஜாக்கெட்"னு நினைச்சு இறங்கி நடந்தா ஒரு மணி நேரத்துல உள்பனியன் வரைக்கும் ஈரம். ஜூன், ஜூலையைவிட ஆகஸ்ட்ல மழை கூடுதல்.

மாலதி சித்தி, காலை 6:40
அப்ப அக்கா, கம்பளி ஸ்வெட்டர் நாலு எடுத்துக்கோயேன். மழை வந்தா மேல ரெயின்கோட் போட்டுக்கலாம்.

குமார் திருப்பூர், காலை 7:05
சித்தி, கனமா நாலு வேண்டாம். ஒரே கனமான துணியைவிட மெல்லிசா மூணு அடுக்குதான் சூடு. அடுக்குக்கு நடுவுல நிக்கிற காத்துதான் குளிரைத் தடுக்குது. உடம்பை ஒட்டி தெர்மல்னு சூடு காக்கிற உள்ளாடை, அதுக்கு மேல ஃப்ளீஸ்னு பஞ்சு மாதிரி மெத்துன்னு இருக்கிற பாலியஸ்டர் மேல்சட்டை, எல்லாத்துக்கும் மேல தண்ணி புகாத ஜாக்கெட். பஸ்ல, கடையில உக்காரும்போது ஒண்ணைக் கழட்டலாம், காத்தடிச்சா மாட்டலாம். கனமான ஸ்வெட்டர்ல அது நடக்காது. ஒண்ணு வேர்க்கும், இல்ல நடுங்கும்.

குமார் திருப்பூர், காலை 7:11
பெரியம்மா, காட்டன் வேண்டாம்னு ஏன் சொல்றோம்னா, பருத்தி நூல் ஈரத்தை நூலுக்குள்ளயே வாங்கி வச்சுக்கும். சாதாரணக் காத்துலயே பருத்தி தன் எடைக்கு 8.5 சதம் ஈரம் பிடிக்கும், பாலியஸ்டர் 0.4 சதம்தான். ரீகெயின்னு சொல்ற இந்த ஈரக் கணக்கு இங்க நூல் வாங்குற எல்லாருக்கும் மனப்பாடம். நம்ம ஊர் வெயிலுக்கு அந்தக் குணம்தான் சுகம், ஈரம் ஆவியாகி உடம்பு குளிரும். அதே குளிர்ச்சி அங்க எதிரி. கம்பளியும் ஈரம் பிடிக்கும், ஆனா இழை சுருள் சுருளா இருக்கிறதால நனைஞ்சாலும் காத்தைப் பிடிச்சு வச்சுக்கும்.

குமார் திருப்பூர், காலை 7:14
தெர்மல் வாங்கும்போது இதுல ஏமாந்துடாதீங்க. நம்ம ஊர்க் கடையில தெர்மல்னு குடுக்கிறது பாதிக்குப் பாதி பருத்திதான். தொட்டா மெத்துன்னு இருக்கும், உள்ள இருக்கிற லேபிளைப் படிச்சாதான் தெரியும். பாலியஸ்டர் இல்ல மெரினோ கம்பளின்னு இருக்கணும். கனம் 160லேர்ந்து 200 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி இத்தனை கிராம். ஃப்ளீஸ் 200 ஜிஎஸ்எம் போதும், 300 வாங்கினா பெட்டியை அடைச்சுடும்.

சரோஜா பெரியம்மா, காலை 7:30
அப்ப புடவையே கட்ட முடியாதா? ஏழு நாளும் பேன்ட் போட்டுக்கிட்டு என்னால நடக்க முடியாதும்மா.

வித்யா, காலை 7:42
ஏன் முடியாது, கப்பலுக்குள்ள தாராளமா கட்டலாம். உள்ள ஏசி, மழையும் இல்ல காத்தும் இல்ல. ஏழு ராத்திரிப் பயணத்துல பொதுவா ரெண்டு ராத்திரி எல்லாரும் நல்லா உடுத்திக்கிட்டுச் சாப்பிட வருவாங்க. அதுக்குப் பட்டுப்புடவை ரெண்டு கண்டிப்பா எடுங்க. அத்தனை பேர் நடுவுல அதைவிட அழகா எதுவும் இருக்காது. மத்த ராத்திரிக்கு கசங்காத சிந்தெடிக் ரெண்டு.

வித்யா, காலை 7:47
கரையில இறங்குற அன்னிக்குப் புடவைன்னா சிக்கல் முந்தானையில இல்ல, உள்பாவாடையில. காட்டன் பாவாடை ஓரம் ஒரு விரக்கடை நனைஞ்சா போதும், தண்ணி திரி மாதிரி மேல ஏறி முழங்கால் வரைக்கும் ஈரமாக்கிடும். அப்புறம் அது கால்ல ஒட்டும், படியில தடுக்கும். புடவைதான்னா சாட்டின் பாவாடை, அடியில தெர்மல் லெக்கிங்ஸ், கணுக்காலுக்கு மேல நாலு விரல் தூக்கிக் கட்டுங்க. முந்தானையை இடுப்பைச் சுத்திச் செருகி மழை ஜாக்கெட்டுக்குள்ள அடக்கிடுங்க. ஆனா என்னைக் கேட்டா முழங்கால் அளவு சிந்தெடிக் சுடிதார்தான் நல்லது. சுடிதார் பாட்டமும் காட்டன் கூடாது.

சரோஜா பெரியம்மா, காலை 7:50
சரி, சுடிதார் ரெண்டு தச்சுக்கிறேன்.

மாலதி சித்தி, காலை 7:52
அத்தானுக்கு ஜீன்ஸ்? கனமாத்தானே இருக்கு.

குமார் திருப்பூர், காலை 7:58
ஜீன்ஸும் பருத்திதான் சித்தி, அதுவும் கெட்டிப் பருத்தி. ஒருதடவை நனைஞ்சா கேபின்ல காய ஒண்ணரை நாள் ஆகும். பெரியப்பாவுக்கு நைலான் டிராக் பேன்ட் ரெண்டு. திமிங்கிலம் பார்க்கச் சின்னப் படகுல போறதா இருந்தா மேல மாட்ட மழைப் பேன்ட் ஒண்ணு. படகு வேகத்துல சாரல் பக்கவாட்டுல அடிக்கும், ஜாக்கெட்ல வழியிற தண்ணியெல்லாம் நேரா தொடையிலதான் இறங்கும். ஷூவோட மாட்டுற மாதிரி கால்பக்கம் ஜிப் வச்சதா பாருங்க.

ராமு பெரியப்பா, காலை 8:20
வேஷ்டி?

வித்யா, காலை 8:22
படுக்கும்போது கட்டிக்க ரெண்டு எடுங்க பெரியப்பா. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முழு பேன்ட், முழுக்கைச் சட்டை. கோட் இருந்தா நல்லது, இல்லேன்னாலும் பரவாயில்ல.

ராமு பெரியப்பா, காலை 8:25
குடை ரெண்டு பெட்டியில வச்சாச்சு.

வித்யா, காலை 8:33
ஒண்ணு போதும், ஊருக்குள்ள நடக்க. கப்பல் மேல்தளத்துல குடை விரிச்சா மடங்கிடும், இல்ல பறந்துடும். அங்க ஒரு கை எப்பவும் கம்பியில இருக்கணும். நீங்க கண்ணாடி போடுறவங்க, அதனால முன்னாடி மடல் வச்ச தொப்பியை மாட்டி அதுக்கு மேல ஜாக்கெட் ஹூடை இழுத்து விடுங்க. வெறும் ஹூடுன்னா தூறல் நேரா கண்ணாடியில விழும், தலையைத் திருப்பினா ஹூடு கண்ணை மறைக்கும். உள்ள மடல் இருந்தா ரெண்டும் இல்ல.

சரோஜா பெரியம்மா, காலை 9:02
எந்த நாளு ரொம்பக் குளிரும்?

வித்யா, காலை 9:15
கிளேசியர் பேன்னு பனிமலை இறங்குற விரிகுடாவுக்குள்ள கப்பல் போற அன்னிக்கு. அன்னிக்குக் கரையில இறங்குறதே கிடையாது, அதனால "கப்பல்லதானே"ன்னு மெல்லிசா உடுத்திக்கிட்டு மேல வந்து பத்து நிமிஷத்துல எல்லாரும் உள்ள ஓடுவாங்க. கப்பல் பனிமலைச் சுவருக்கு முன்னாடி மெதுவா நிக்கும், சுத்தித் திரும்பும். பனி மேலேர்ந்து இறங்குற காத்து நேரா முகத்துல அடிக்கும். பனி உடைஞ்சு கடல்ல விழறதைப் பார்க்க மணிக்கணக்கா அசையாம நிப்பீங்க. நடந்தா உடம்பு தானா சூடாகும், நின்னா ஆகாது. அன்னிக்கு மூணு அடுக்கும் போட்டு, காலுக்கும் தெர்மல், கையுறை, மப்ளர், தலைக்குக் குல்லா. வீட்டுல மார்கழிக்கு வச்சிருக்கிற கம்பளிக் குரங்குக் குல்லா இருக்குமே, அதை மறக்காம எடுங்க. காது, கழுத்து, தாடை மூணையும் அது மாதிரி எதுவும் மூடாது.

வித்யா, காலை 9:19
ஜூனோவுல மெண்டன்ஹால் பனிமலை பக்கம் நடக்கும்போது இதுக்கு நேரெதிர். கிளம்பும்போதே ஃப்ளீஸைக் கழட்டிப் பையில போட்டுடுங்க. வேர்த்தப்புறம் கழட்டினா உள்ள இருக்கிற தெர்மல் ஏற்கெனவே ஈரமாயிருக்கும், நின்னவுடனே அதுவே குளிரும். அடுத்து நிக்கிற ஸ்காக்வே ஊர்ல மழை கம்மி, காத்து ஜாஸ்தி. அங்க ஒயிட் பாஸ் ரயில் 870 மீட்டர் உயரத்துக்கு ஏறும். பெட்டிக்கு வெளியில இருக்கிற சின்னத் திண்ணையில நின்னு பார்க்கணும்னா ஜாக்கெட் கையிலயே இருக்கட்டும்.

மாலதி சித்தி, காலை 9:40
காலுக்கு? அக்கா ரப்பர் செருப்பைத் தவிர எதுவும் போட மாட்டா.

வித்யா, காலை 9:48
செருப்பு கேபினுக்குள்ள மட்டும். கெச்சிக்கன்ல கிரீக் ஸ்ட்ரீட்னு ஓடைக்கு மேல மரத்தூண் நட்டுப் பலகை போட்ட நடைபாதை. நனைஞ்ச பலகை பாசி பிடிச்ச குளத்துப் படி மாதிரி வழுக்கும். அடியில ஆழமா வெட்டு இருக்கிற, தண்ணி புகாத ஷூ வேணும். கனமான சாக்ஸைப் போட்டுக்கிட்டே கடையில அளவு பாருங்க. பெருவிரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும். இறுக்கமா இருந்தா ரத்த ஓட்டம் குறைஞ்சு எத்தனை சாக்ஸ் போட்டாலும் கால் சில்லுன்னுதான் இருக்கும்.

குமார் திருப்பூர், காலை 9:55
வாங்கினதும் பெட்டியில வைக்காதீங்க பெரியம்மா. கிளம்புற வரைக்கும் தினம் சாயங்காலம் மகாமகக் குளத்தை ரெண்டு சுத்து அதைப் போட்டுக்கிட்டு நடங்க. கடிக்கிற இடம் இங்கயே தெரிஞ்சுடும். சாக்ஸ் கம்பளி கலந்தது ஆளுக்கு நாலு ஜோடி. பெரியப்பாவுக்குச் சக்கரை இருக்கு, மேல இறுக்குற எலாஸ்டிக் வேண்டாம்.

வித்யா, காலை 9:58
ஷூ நனைஞ்சுட்டா உள்ள பாதத்துக்கு அடியில இருக்கிற மெத்தையை உருவிட்டு நியூஸ்பேப்பரைச் சுருட்டித் திணிங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை மாத்துங்க. ஹேர் டிரையர் சூடு காட்டினா ஒட்டின பசை விட்டுடும்.

சரோஜா பெரியம்மா, காலை 10:20
துவைக்கிறது எப்படி? இஸ்திரிப் பெட்டி சின்னது ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்.

வித்யா, காலை 10:26
அதை எடுத்துடுங்க, தீ பயத்தால கேபின்ல இஸ்திரிப் பெட்டிக்கு அனுமதி கிடையாது. சோதனையில வாங்கி வச்சுப்பாங்க. தெர்மல் ஆளுக்கு ரெண்டு செட் போதும். ராத்திரி ஒண்ணைத் துவைச்சு, காஞ்ச டவல்ல சுருட்டி மிதிச்சுப் பிழிஞ்சு, பாத்ரூம்ல இருக்கிற கொடியில போட்டா காலையில காஞ்சிருக்கும். கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு, காந்தக் கொக்கி நாலு எடுத்துட்டுப் போனா ஈர ஜாக்கெட், தொப்பி எல்லாம் மாட்டிடலாம். பால்கனியில காயப் போட்டா கடலுக்குப் போயிடும்.

வித்யா, காலை 10:30
இன்னொண்ணு. துறைமுகத்துல காலையிலயே பெரிய பெட்டியை வாங்கிப்பாங்க, கேபின் வாசலுக்கு வர சாயங்காலம் ஆகலாம். அதனால ஜாக்கெட், மருந்து, பாஸ்போர்ட், ஒரு மாத்துத் துணி கைப்பையில. கப்பல் கடைசியா விக்டோரியாவுல நிக்குது, அது கனடா. அந்த விசா வந்தாச்சா?

ராமு பெரியப்பா, காலை 10:34
ரெண்டு பேருக்கும் வந்தாச்சு. ஜாக்கெட்டும் நேத்து தஞ்சாவூர்ல வாங்கியாச்சு. லேபிள்ல 10,000 மி.மீ.ன்னு போட்டிருக்கு. அது சரிதானே?

குமார் திருப்பூர், காலை 10:41
அத்தனை மி.மீ. உயரத் தண்ணி அழுத்தத்தைத் துணி தாங்கும்னு அர்த்தம். நம்பர் நல்ல நம்பர்தான் பெரியப்பா, நாள் பூராத் தூறலுக்குத் தாங்கும். ஆனா அது துணிக்கு மட்டும்தான். தண்ணி துணி வழியா வராது, தையல் ஓட்டை வழியாத்தான் வரும். உள்பக்கம் புரட்டிப் பாருங்க, ஒவ்வொரு தையல் மேலயும் விரல் அகலத்துக்கு வழவழன்னு டேப் ஒட்டியிருக்கணும். இருந்தா ஒரு சோதனை பண்ணுங்க. தோள் உள்பக்கம் காஞ்ச பேப்பரை மடிச்சு வச்சு, குழாயைச் சன்னமாத் திறந்து தோள் மேல பத்து நிமிஷம் விடுங்க.

ராமு பெரியப்பா, காலை 11:16
டேப் இருக்கு. ரெண்டு தோளும் பார்த்தேன். இடது பேப்பர் அப்படியே இருக்கு. வலதுல ஒரு ரூபாய் அளவுக்கு ஈரம், ஹூடு சேர்ற இடத்துக்கிட்ட.

குமார் திருப்பூர், காலை 11:20
மூணு தையல் சேர்ற முனை அது. அந்த முக்குல டேப் சரியா சூடு ஏறாம தூக்கிக்கிட்டு நிக்கும், நகத்தால தொட்டா எழும்பும் பாருங்க.

ராமு பெரியப்பா, காலை 11:23
ஆமாம்டா, எழும்புது.

குமார் திருப்பூர், காலை 11:27
பில் இருக்கில்ல, மாத்திடுங்க. வீட்டுல ஒட்டினா நிக்காது. மாத்தும்போது ஒரு சைஸ் பெரிசா கேளுங்க, உள்ள ஃப்ளீஸ் போட்டுக்கிட்டு ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கினா மணிக்கட்டு தெரியக் கூடாது. பெரியம்மா ஜாக்கெட்டையும் இதே மாதிரி குழாயில காட்டுங்க.

சரோஜா பெரியம்மா, காலை 11:31
என்னோடது இப்பதான் குழாயடியில இருக்கு. பத்து நிமிஷம் ஆகட்டும், சொல்றேன்.