கத்திரி வெயிலும் கிராபிக்ஸ் கார்டும்: கடலூர், புதுச்சேரி அனுபவங்கள்

கடலூர், தேவனாம்பட்டினத்திலிருந்து:

கணினியில் விளையாட்டின் காட்சிகளை வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டு தங்கள் ஊரில் எவ்வளவு குறைந்த வெப்பத்தில் ஓடுகிறது என்று பெங்களூரு நண்பர்கள் சொல்லும் அளவுகளைப் பார்த்துவிட்டு நம் பக்கத்தவர்கள் கலங்க வேண்டாம். அறையின் வெப்பம் எங்கே நிற்கிறதோ, அங்கிருந்துதான் கார்டின் கணக்கு தொடங்குகிறது. அறை பத்து டிகிரி ஏறினால், அதே சுமையில் கார்டும் ஏறக்குறைய பத்து டிகிரி ஏறும். என்னிடம் இருப்பது என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு. தை மாதத்தில் 67 டிகிரியில் ஓடும் அதே விளையாட்டு, கத்திரியில் 77-ஐத் தொடுகிறது. இந்தக் கார்டுக்கு என்விடியா சொல்லும் உச்ச வரம்பு 93 டிகிரி. ஆகவே 77 பயப்பட வேண்டிய எண்ணே அல்ல.

பொறுக்க முடியாதது ஃபேனின் இரைச்சலும் அறையில் சேரும் புழுக்கமும்தான். கார்டு இழுக்கும் 170 வாட்டும் கடைசியில் வெப்பமாக நம் அறைக்குள்தான் இறங்குகிறது. ஃபேனை எவ்வளவு விரட்டினாலும் அந்த வெப்பம் இடம் மாறுமே தவிர, குறையாது. அதைப் பிறக்கும் இடத்திலேயே குறைக்க வேண்டும் என்பதுதான் என் உறுதியான கருத்து.

கார்டின் அமைப்புகளை மாற்ற உதவும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை, அதாவது கார்டு இழுக்கக்கூடிய மின்சார வரம்பை, 80 சதவீதத்துக்கு இறக்கினேன். 136 வாட்தான். விளையாடும்போது வேறுபாடே தெரியவில்லை. அடுத்தது அண்டர்வோல்ட், அதாவது கார்டின் மூளையான சிப்புக்குப் போகும் வோல்டேஜைக் குறைப்பது. சிப் எடுக்கும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தையொட்டி மாறுவதால், வோல்டேஜைச் சிறிது குறைத்தாலே பலன் பெரிதாக இருக்கிறது. ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு விதம். பிறர் சொல்லும் எண்ணை அப்படியே போடாமல், சிறிது சிறிதாக இறக்கி, கனமான விளையாட்டு ஒன்றை நெடுநேரம் ஓட்டிப் பார்த்து நிறுத்துங்கள். என் மானிட்டர் 75 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 75 முறைதான் படத்தை மாற்றும் என்பதால், கார்டு வரையும் படங்களான ஃபிரேமையும் நொடிக்கு 75-இல் கட்டிவிட்டேன். திரையில் வராத ஃபிரேமுக்காக ஏன் வேக வேண்டும்? இப்போது கத்திரியிலும் 70-ஐத் தாண்டுவதில்லை.

கடலோரத்துக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. மதியம் வரை மேல்காற்று அனலாய் அடிக்கும். கடற்காற்று திரும்பியதும் சன்னலைத் திறக்கத் தோன்றும். அறை குளிரும், உண்மைதான். ஆனால் அந்தக் காற்றில் உப்பு வருகிறது. ஈரத்தோடு சேர்ந்த தூசி, கார்டின் வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கிடையே அப்பளமாவு போல ஒட்டிக்கொள்கிறது, திருகுகள் துருவேறுகின்றன. கேபினெட்டைச் சன்னலுக்கு எதிரில் வைக்காதீர்கள். ப்ளோயரால் ஊதும்போது கார்டின் ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தில் தாறுமாறாகச் சுழன்றால் அதன் பேரிங் கெடும்.

புதுச்சேரி, குருசுக்குப்பத்திலிருந்து:

அண்ணா, உப்பைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. என் அனுபவம் வேறு பக்கம். நான் வாங்கியது ஒருவர் பயன்படுத்திய ஆர்டிஎக்ஸ் 3080. சிப் 74 டிகிரி என்று காட்டியது, ஆனால் விளையாட்டு திடீரென்று தடுமாறும். வெப்ப அளவுகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் பார்த்தால் மெமரி 108 டிகிரி! இந்தக் கார்டில் இருக்கும் ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி 110-ஐ எட்டினால் கார்டு தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெமரியின் வெப்பத்தை ஹீட்சிங்குக்குக் கடத்தும் பழைய தெர்மல் பேட் காய்ந்து எண்ணெய் கக்கியிருந்தது. மாற்றிய பிறகு 90-ஐ ஒட்டி நிற்கிறது.

பேட் வாங்குமுன் அந்த மாடலுக்குரிய தடிமனைத் தெரிந்துகொள்ளுங்கள். அரை மில்லிமீட்டர் கூடினாலும் ஹீட்சிங்க் சிப்பின் மேல் சரியாக உட்காராது; மெமரி குளிர்ந்து சிப் கொதிக்கும். ஹாட்ஸ்பாட்டுக்கும், அதாவது சிப்பிலேயே மிகச் சூடான இடத்தின் வெப்பத்துக்கும், சிப்பின் பொது வெப்பத்துக்கும் உள்ள இடைவெளியையும் கவனியுங்கள். 10, 15 டிகிரி இயல்பு. 25-ஐத் தாண்டினால் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே பூசியிருக்கும் பேஸ்ட் போய்விட்டதா என்று பார்க்க வேண்டும்.

தேவனாம்பட்டினம்:

மிகவும் பயனுள்ள தகவல், தம்பி. என் 3060-இல் இருப்பது ஜிடிடிஆர்6 வகை மெமரி என்பதால் மெமரி வெப்பம் காட்டுவதே இல்லை. ஹாட்ஸ்பாட் இடைவெளியை இன்று இரவே பார்த்துவிட்டு எழுதுகிறேன். நீங்கள் போட்ட பேடின் தடிமன் என்ன, எந்த நிறுவனத்தின் 3080 என்பதையும் சொல்லுங்கள். அதே கார்டை வைத்திருப்பவர்களுக்கு உதவும்.