அஞ்சு தடவை படித்தாயிற்று, எழுத வரவில்லை

பத்தாம்வகுப்பு அம்மா:
அரையாண்டுத் தேர்வில் மகனுக்கு அறிவியலில் 75க்கு 43. "அஞ்சு தடவை படிச்சேன்மா" என்கிறான். பொய் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து நானே பார்த்தேன். புத்தகம் முழுக்க மஞ்சள், பச்சை, ரோஸ் மார்க்கர். கலர் படாத வரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதல் திருப்புதல் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கிறது. இன்னும் இரண்டு தடவை படிக்க வைப்பதா, வேறு வழி இருக்கிறதா?

டியூஷன்காரன்:
ஆறாவது தடவை வேண்டாம் அக்கா. புத்தகத்தை மூடிவிட்டு ரஃப் நோட்டில் ஞாபகத்திலிருந்து எழுதச் சொல்லுங்கள். அப்புறம் திறந்து பார்த்து, விட்டதைச் சிவப்பில் எழுதட்டும். திரும்பத் திரும்பப் படித்தால் வரிகள் கண்ணுக்குப் பழகிவிடும், உடனே தெரிந்துவிட்டது என்று தோன்றும். பரீட்சை ஹாலில் அந்த வரி கண்முன்னால் இருக்காதே. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்று இருவர் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது, பாடத்தைத் திரும்பப் படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, நடுவில் ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் தாண்டிப் போய்விட்டார்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தம்பி, அமெரிக்கா இருக்கட்டும். 31 வருடம் சமூக அறிவியல் எடுத்தவன் நான், விடைத்தாள் திருத்தும் முகாமுக்கும் போயிருக்கிறேன். விடைக்குறிப்பில் உள்ள சொல் தாளில் இருக்கிறதா என்றுதான் அங்கே பார்ப்போம். வாய்விட்டுப் படித்து நெட்டுருப் போட்டவன் அந்தச் சொல்லை அப்படியே எழுதுவான். அரைகுறையாகத் தெரிந்த பையனை மூடிவைத்து எழுதச் சொன்னால், தப்பையே எழுதிப் பழகுவான். முதலில் பாடம் மண்டையில் ஏறட்டும்.

டியூஷன்காரன்:
கையோடு திருத்தினால் தப்பு பழகாது ஐயா, சிவப்புப் பேனா அதற்குத்தான். படிக்கவே வேண்டாம் என்றா சொன்னேன்? அவன்தான் அஞ்சு தடவை முடித்துவிட்டானே! அமெரிக்கா வேண்டாம் என்றால், மாணவன் எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லும் நம் நன்னூலுக்கு வாருங்கள். பாடம் போற்றலோடு, அதாவது மனப்பாடம் செய்வதோடு, அது நிற்கவில்லை. கேட்டவை நினைத்தல், வினாதல், வினாயவை விடுத்தல் (கேட்டதற்கு விடை சொல்வது) என்று நீள்கிறது.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
நீளட்டும். வரிசையைப் பார்த்தீர்களா? பாடம் போற்றலுக்குப் பிறகுதான் கேட்டவை நினைத்தல்.

கடைசிபெஞ்ச்:
நான் போன வருடம்தான் பன்னிரண்டு முடித்தேன். எல்லாவற்றையும் எழுதிப் பார்க்க நேரம் எங்கே இருக்கிறது அண்ணா? கை வலிதான் மிச்சம். இயற்பியலில் 70க்கு 15 ஒரு மார்க் கேள்வி. அதற்கு வீட்டில் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, முன்னால் கேள்வி, பின்னால் பதில் எழுதினேன். மூன்று ஸ்வீட் பாக்ஸ். தப்பாகச் சொன்ன அட்டை முதல் பெட்டியில், மறுநாளே வரும். சரியாகச் சொன்னால் அடுத்த பெட்டிக்குப் போகும், மூன்று நாள் கழித்து எடுப்பேன். மூன்றாவது பெட்டி வாரம் ஒரு தடவை. ஐந்து மார்க் தருவிப்புகளுக்கு, அதாவது சூத்திரத்தைப் படிப்படியாக வரவழைக்கும் கேள்விகளுக்கு, இது வேலைக்காகாது. அதை உட்கார்ந்து எழுதித்தான் ஆக வேண்டும்.

டியூஷன்காரன்:
நேரம் இல்லை என்பது நியாயம்தான். நெடுவினாவுக்குத் தலைப்புகளையும் படத்தையும் மட்டும் போட்டுப் பார்த்தால் போதும். மீதியை அம்மா தோசை ஊற்றும்போது வாயால் சொல்லலாம்.

பத்தாம்வகுப்பு அம்மா:
நேற்று ராத்திரி சோதித்துப் பார்த்தேன். ஒளியியல் பாடம், கண்ணின் குறைபாடுகள். புத்தகத்தை மூடி எழுதினான். கிட்டப்பார்வைக்குக் காரணம், "விழிக்கோளம் நீண்டு பிம்பம் விழித்திரைக்கு முன்பாக விழும்" என்று கடகடவென எழுதிவிட்டான். சரிசெய்யக் குவிலென்ஸ் என்று போட்டிருக்கிறான்! தூரப்பார்வைக்குக் குழிலென்ஸ். இரண்டும் இடம் மாறிவிட்டது. புத்தகத்தில் பார்த்தால் இரண்டு வரிக்கும் பச்சை அடித்திருக்கிறான்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
காரணத்தைச் சரியாக எழுதியிருக்கிறானே, அது எப்படி வந்தது? படித்துத்தான் அம்மா.

டியூஷன்காரன்:
லென்ஸ் மாறியதும் படித்துத்தான் ஐயா. மூடாமல் இருந்திருந்தால் திருப்புதல் தேர்வு வரை அது யாருக்கும் தெரிந்திருக்காது.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அது சரி. ஆனால் சிவப்பில் திருத்தி என்ன பயன்? ஏன் குழிலென்ஸ் என்று தெரியாவிட்டால் அடுத்த வாரம் மறுபடி மாற்றுவான்.

பத்தாம்வகுப்பு அம்மா:
அதையும் சொல்கிறேன். சிவப்பில் திருத்தியதும் சும்மா இருக்காமல் அவன் அப்பாவின் கண்ணாடியைக் கழற்றி வாங்கினான். அவருக்குத் தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டு தெரியாது, பேப்பர் நன்றாகப் படிப்பார். கண்ணாடியைப் புத்தகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தால் எழுத்தெல்லாம் சின்னதாகத் தெரிந்தது. "அப்பாவோடது குழிலென்ஸ்மா, கிட்டப்பார்வை!" என்று கத்தினான். இனி மறக்காதாம். வியாழக்கிழமை திடீரென்று கேட்டுப் பார்க்கிறேன்.