காவல் நல்கையில் வரும் ‘நான்-சப்ளான்டிங்’ விதிக்குத் தமிழ்ச் சொல்

காட்பாடியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். குற்றவியல் மாணவர்களுக்காக, அமெரிக்க உள்ளூர்க் காவல்துறைகளுக்கு அரசு நிதி எப்படிப் போகிறது என்று ஒரு பாடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நல்கையாக (கிராண்ட்) மத்தியப் பணம் வருகிறது என்பதற்காக உள்ளாட்சி தன் செலவைச் சுருக்கிக்கொள்ளக் கூடாது; இதுதான் ‘நான்-சப்ளான்டிங்’. ‘பதிலீட்டுத் தடை’ என்று போட்டிருக்கிறேன். சரிவருமா?

தொரப்பாடியிலிருந்து:

அம்மா, வணக்கம். எனக்கு அது ஒட்டவில்லை. பதிலீடு என்றால் பொருளியல் படித்தவருக்கு இறக்குமதிப் பதிலீடுதான் (வெளிநாட்டுச் சரக்குக்குப் பதில் உள்நாட்டிலேயே செய்துகொள்வது) நினைவு வரும். அது நல்ல காரியமாகப் பேசப்படுவது. இங்கே நடக்கும் தவறு வேறு. வேலூர் கிரீன் சர்க்கிளில் கேமரா வைக்க மாநகராட்சி 10 லட்சம் ஒதுக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து இன்னொரு 10 லட்சம் வந்ததும் தன் பணத்தை எடுத்துச் சாலை வேலைக்குத் திருப்பிவிட்டால், ஒரு கேமராகூட அதிகமாகாது. நல்கை செலவான கணக்கு மட்டும் சுத்தமாக இருக்கும்.

‘கைமுதல் காப்பு’ என்றும் யோசித்தேன். சொல் அழகுதான். ஆனால் 1969-70 முதல் இருக்கும் நம் காவல்துறை நவீனமயத் திட்டத்தில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பங்கு போடுகிறோம். அந்த 40-ஐத்தான் கைமுதல் என்று படிப்பார்கள். காவல் பணிக்கு அமெரிக்க மத்திய அரசு தரும் பைர்ன் நல்கை அப்படிப் பங்குத்தொகை கேட்பதே இல்லை. (1988-இல் நியூயார்க்கில் ஒரு சாட்சியின் வீட்டுக்குக் காவலிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்ட காவலர் எட்வர்ட் பைர்னின் பெயரில் உள்ளது அது. பாடத்தில் இதைச் சொல்லாமல் விடாதீர்கள்.) மக்கள்தொகைக்குப் பாதி, வன்குற்றங்களுக்குப் பாதி என்று கணக்கிட்டு, வரும் தொகையில் 60 விழுக்காடு மாநில அரசுக்கும் 40 விழுக்காடு நேரே உள்ளாட்சிகளுக்கும் பிரியும். நம் 60:40 வேறு, இது வேறு. பங்கே கேட்காத இடத்தில் இந்த விதிதான் வேலி.

‘கிராண்ட்’ என்பதற்கு ‘மானியம்’ என்றும் எழுத வேண்டாம். இங்கே மானியம் என்றால் சொட்டுநீர் மானியம். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை என்பது இன்னொன்று. ‘நல்கை’ போதும்.

என் பரிந்துரை: ‘ஒதுக்கீடு குறையா விதி’.

ராணிப்பேட்டையிலிருந்து:

ஐயா, ‘ஒதுக்கீடு’ சரியான பிடி. ‘குறையா’ மட்டும் இடிக்கிறது. வரி வசூல் படுத்துப்போய் ஒதுக்கீடு தானாகக் குறைந்தால் அது மீறல் ஆகாது. நல்கை வருகிறதே என்று வேண்டுமென்றே குறைப்பதுதான் மீறல். தன்வினையைப் பிறவினையாக்கினால் இந்த வேறுபாடு சொல்லுக்குள்ளேயே வந்துவிடும்: ‘ஒதுக்கீடு குறைக்கா விதி’. வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: “நல்கையை நம்பித் தன் ரோந்துச் செலவை வெட்டிய நகர மன்றம் ஒதுக்கீடு குறைக்கா விதியை மீறியது.” தட்டாமல் ஓடுகிறது.