டிஎஃப் நிறைந்துவிட்டது என்கிறது, டியு இடமிருக்கிறது என்கிறது: எதை நம்புவது?

மண்டபம்_வடகரை:
பாம்பனில் ஒரு விசைப்படகில் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பலகையை வைத்துக் கடல்நீர் வெப்பநிலையைப் பதிவு செய்கிறேன். பதிவுகள் பென் டிரைவில் சேர வேண்டும். அதை 'பதிவு' என்ற கோப்புறையில் மவுண்ட் செய்திருக்கிறேன், அதாவது அந்தக் கோப்புறை வழியாகத் திறக்கும்படி இணைத்திருக்கிறேன். இப்போது பலகையின் மெமரி கார்டு 100 சதவீதம் நிறைந்துவிட்டதாக, மீதி இடத்தைக் காட்டும் டிஎஃப் (df) கட்டளை சொல்கிறது. கோப்புகளின் அளவை எண்ணும் டியு (du) கட்டளை கூட்டிக் காட்டுவதோ அதில் பாதிகூட இல்லை. பென் டிரைவில் நடுநடுவே பதிவுகளைக் காணவில்லை. போலிக் கார்டாக இருக்குமோ?

தொண்டி_அலை:
அழித்த கோப்பை ஏதாவது ஒரு நிரல் திறந்தே வைத்திருந்தால் இப்படிக் காட்டும். மறுதொடக்கம் செய்யுங்கள்.

மண்டபம்_வடகரை:
செய்தேன் அண்ணா. மாற்றமில்லை.

கீழக்கரை_முனை:
கார்டின் மேல் பழி போடாதீர்கள் தம்பி. காணாமல் போன பதிவுகள்தான் கார்டை அடைத்துக்கொண்டிருக்கின்றன. பென் டிரைவ் மவுண்ட் ஆகாத நேரத்தில் 'பதிவு' என்பது கார்டிலுள்ள வெறும் கோப்புறை. நிரல் ஒன்றும் சொல்லாமல் அதிலேயே எழுதும். பிறகு டிரைவ் மவுண்ட் ஆனதும், பாய்க்கு அடியில் போன சில்லறை மாதிரி அவை மறைந்துவிடும். டியு பாய்க்கு மேலே மட்டும்தான் எண்ணும்.

வேர்க் கோப்புறையை எம்என்டி (/mnt) கோப்புறையில் பைண்ட் மவுண்ட் செய்து, அதாவது அதே கோப்புறையை இன்னோர் இடத்திலும் தெரியவைத்து, அதன் வழியாக 'பதிவு'க்குள் போய்ப் பாருங்கள். கெர்னல் (இயங்குதளத்தின் மையநிரல்) எழுதும் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையில் யுஎஸ்பி துண்டிப்பு வரிகள் உண்டா என்றும் பாருங்கள்.

மண்டபம்_வடகரை:
அத்தனையும் அங்கேதான் இருக்கின்றன! படகின் எஞ்சினை முடுக்கும்போதெல்லாம் துண்டிப்பு வரி வருகிறது. டிரைவின் பெயர் எஸ்டிஏ (sda) போய், எஸ்டிபி (sdb) என்று திரும்பி வருகிறது. எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில், அந்த டிரைவின் முதல் பகுதியான எஸ்டிஏ1 என்றுதான் எழுதியிருக்கிறேன்.

கீழக்கரை_முனை:
ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரியின் மின்னழுத்தம் சரிகிறது, டிரைவ் அறுந்து விழுகிறது. பழைய பெயரை நிரல் இன்னும் பிடித்திருப்பதால் கெர்னல் புதுப் பெயர் தருகிறது. பலகைக்குத் தனி பேட்டரி வையுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எஃப்எஸ்டேப்பில் பெயருக்குப் பதில் பிஎல்கேஐடி (blkid) கட்டளை காட்டும் யுயுஐடி-யை, அதாவது டிரைவின் மாறாத அடையாள எண்ணை எழுதி, டிரைவ் இல்லாவிட்டாலும் தொடரச் சொல்லும் நோஃபெயில் (nofail) விருப்பத்தைச் சேருங்கள். அது இல்லாவிட்டால், டிரைவ் செருகாத நாளில், கணினியைத் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டி (systemd) 90 விநாடி காத்திருந்துவிட்டு அவசர நிலையில் போய் நின்றுவிடும். நடுக்கடலில் யார் விசைப்பலகை கொண்டுவருவது? நிரலை சிஸ்டம்டி எப்படித் தொடக்க வேண்டும் என்று சொல்லும் சர்வீஸ் கோப்பில், ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார் (RequiresMountsFor) வரியில் 'பதிவு'க்கான பாதையைக் கொடுங்கள்; மவுண்ட் ஆனால்தான் நிரல் தொடங்கும்.

தொண்டி_அலை:
ஒன்று விட்டுப்போனது. டிரைவைக் கழற்றிய நிலையில், காலியான 'பதிவு' கோப்புறைக்குச் சாட்டர் (chattr) கட்டளையால் 'மாற்றமுடியாத' குறி போட்டுவிடுங்கள். முழு அதிகாரம் உள்ள ரூட் பயனராலும் அதில் எழுத முடியாது. மவுண்ட் மட்டும் வழக்கம்போல் ஆகும். அடுத்த முறை நிரல் உடனே பிழை காட்டிக் கத்தும்.

மண்டபம்_வடகரை:
பழைய பதிவுகளை பைண்ட் வழியாகவே டிரைவுக்கு நகலெடுத்து, சரிபார்த்த பிறகு அழிக்கலாமா?

கீழக்கரை_முனை:
அழிக்கலாம். நிரலை முதலில் நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.