உதவி: ஸ்டீம்ல என் கேம் அட்டைப்படம் அழகா இருக்கு, ஆனா யாரும் கிளிக் பண்ண மாட்டேங்கிறாங்க

நட்டுபோல்ட்:
வணக்கம். பகல்ல ஆபீஸ், ராத்திரியில கேம்னு மூணு வருஷமா தனியா ஓட்டிட்டிருக்கேன். கடலுக்கு அடியில ஒரு பழைய நீர்மூழ்கி, நீங்க அதுல மெக்கானிக். குழாய் ஒழுகும், பம்பு நின்னு போகும், நடுவுல கூட வேலை பாக்கறவங்களுக்கு டீ போட்டுக் குடுக்கணும். சண்டை, சாவு எதுவும் கிடையாது. நிதானமா விளையாடற சமாச்சாரம்.

கேம் விக்கற ஸ்டீம் தளத்துல பக்கம் திறந்து ரெண்டு மாசம் ஆச்சு. ட்ராஃபிக் ரிப்போர்ட்ல பாத்தா அட்டை நிறைய தடவை காட்டப்பட்டிருக்கு, உள்ளே வந்தவங்க சொற்பம். அந்த சொற்பத்துல ஒரு நல்ல பங்கு விஷ்லிஸ்ட்ல (பின்னாடி வாங்கலாம்னு குறிச்சு வெக்கற பட்டியல்) போட்டிருக்காங்க. அதனால பக்கத்தைவிட அட்டைமேலதான் சந்தேகம். இதே படம் இட்ச்ங்கற இன்னொரு கேம் தளத்துல சுமாரா எடுபட்டுச்சு, அதுதான் குழப்பமே.

படத்துல இருக்கறது: கருநீலக் கடல், நடுவுல சின்னதா நீர்மூழ்கி, அதோட விளக்கு வெளிச்சம், கீழே இருட்டுல ஒரு பெரிய திமிங்கிலத்தோட நிழல். மேலே கேம் பேரு, ஆங்கிலத்துல ஆறு வார்த்தை, மெல்லிசான எழுத்து. ஓரத்துல ஒரு கேம் ஜாம்ல (சில நாள்ல கேம் செஞ்சு முடிக்கற போட்டி) கிடைச்ச பரிசைக் காட்டற இலைவளையச் சின்னம். வரைஞ்சது என் சித்தி பையன். நிஜமாவே நல்லா வரைஞ்சிருக்கான், என் கம்ப்யூட்டர்ல அதுதான் வால்பேப்பர். கேம் பேரை இங்க போட்டா விளம்பரம்னு தூக்கிடுவாங்க, அதான் போடல. எங்கே தப்பு?

கப்பிக்கல்:
வால்பேப்பரா வெச்சிருக்கேன்னு சொன்னீங்களே, பதில் அங்கேயே இருக்கு ப்ரோ. முழுத் திரையில பாக்க வரைஞ்ச படம் அது. ஸ்டீம்ல அட்டைக்குப் பேரு கேப்சூல். சின்ன கேப்சூல்னு 462×174 பிக்சல் அளவுல நீங்க ஏத்தறீங்க இல்ல, அதுலேர்ந்து ஸ்டீமே 184×69, 120×45 அளவுல குட்டிப் படங்களைச் செஞ்சுக்குது. 45 பிக்சல் உயரத்துல உங்க நீர்மூழ்கி எறும்பு சைஸ்தான் இருக்கும். ஆறு வார்த்தை மெல்லிசு எழுத்து நூல் மாதிரி தெரியும்.

இட்ச்ல ஏன் எடுபட்டுச்சுன்னா, அங்க அட்டை 630×500, கிட்டத்தட்ட சதுரம். லிஸ்ட்லயும் ஓரளவு பெரிசாவே காட்டுவான். இட்ச் தளத்தோட பின்னணியும் வெளிர் நிறம். ஸ்டீம் பின்னணியே கருநீலம். கருநீலத்துமேல கருநீலத்தை ஒட்டினா ஓரம் எங்கே முடியுதுன்னே தெரியாது.

ஒரு காரியம் பண்ணுங்க. ஸ்டீம்ல உங்க மாதிரி கேம்கள் வர்ற ஒரு தேடல் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அதுல ஒரு படத்து மேல உங்க படத்தை அதே அளவுல ஒட்டுங்க. போன்ல திறந்து, கையை நீட்டிப் பிடிச்சு, கண்ணைச் சுருக்கிப் பாருங்க. அப்புறம் அதையே கறுப்பு வெள்ளையா மாத்திப் பாருங்க. உங்க படம் எங்க இருக்குன்னு நீங்களே தேடினீங்கன்னா கதை முடிஞ்சுது.

நட்டுபோல்ட்:
பண்ணிப் பாத்தேன். தேடினேன். வரிசைல ஒரு பல்லு விழுந்த மாதிரி இருந்துச்சு.

கோலப்பொடி:
சைஸ் பிரச்சினை சரி. ஆனா எனக்கு உறுத்தறது வேற. நீங்க படத்தை விவரிச்சதை மட்டும் தனியா படிச்சேன்: இருட்டு, தன்னந்தனியா குட்டிக் கப்பல், கீழே பிரம்மாண்டமா ஏதோ ஒண்ணு. இது பேய்ப்பட அட்டை. டீ போட்டுக் குடுக்கற கேம்னு இதுல எங்க இருக்கு?

திகில் தேடறவன் கிளிக் பண்ணி உள்ளே வந்து, கெட்டிலைப் பாத்துட்டு வெளியே போவான். நிதானமான கேம் தேடற என்னை மாதிரி ஆளு கிளிக்கே பண்ண மாட்டேன். இப்போ விஷ்லிஸ்ட்ல போடறவங்க தற்செயலா வந்து, கேம் பிடிச்சுப்போய்ப் போடறாங்க. எழுத்தைப் பெரிசாக்கி, ஓரத்தை வெளிச்சமாக்கினா திகில் கேம் அட்டை இன்னும் பளிச்னு தெரியும், அவ்ளோதான். மொதல்ல இது என்ன மாதிரி கேம்னு படம் உண்மையைச் சொல்லணும்.

நட்டுபோல்ட்:
திமிங்கிலம் வர்ற இடம்தான் கேம்லயே உச்சம் அக்கா. அதைத் தூக்கச் சொன்னா மனசு வரல. பேரைப் பெரிசாக்கி, ‘டெமோ இருக்கு’ன்னு பளிச்னு ஒரு வரி சேர்த்தா போதாதா?

கப்பிக்கல்:
அந்த வரியைச் சேர்க்கவே முடியாது. 2022 செப்டம்பர் 1லேர்ந்து ஸ்டீமோட விதி: அடிப்படை கேப்சூல்ல கேமோட ஓவியம், பேரு, அதிகாரபூர்வமான துணைத்தலைப்பு இருந்தா அது, அவ்ளோதான். விமர்சன வரி, நட்சத்திரம், தள்ளுபடி, விருது எதுவும் கூடாது. உங்க இலைவளையத்தையும் இன்னிக்கே எடுத்துடுங்க. பெரிய அப்டேட் வந்தா தற்காலிகமா வேற அட்டை போட ஒரு வழி வெச்சிருக்கான், அதிகபட்சம் ஒரு மாசம். அதுலயும் எழுத்து இருந்தா அது அந்த அப்டேட்டைப் பத்தினதா இருக்கணும்.

பழைய டுடோரியல் பாத்து 460×215ல ஹெடர் (கடைப் பக்கத்துல மேல வர்ற படம்) செய்யாதீங்க. இப்போ கேக்கறது 920×430.

கோலப்பொடி:
திமிங்கிலத்தைத் தூக்க வேண்டாம் தம்பி, ட்ரெய்லர்ல வைங்க. உச்சத்தை வாசல்லயே கொட்டிட்டா உள்ளே என்ன மிச்சம்? ஹாலோ நைட்ங்கற கேமோட அட்டையை நினைச்சுப் பாருங்க. அவ்ளோ பெரிய உலகம், எத்தனையோ எதிரிகள். ஆனா நினைவுல நிக்கறது அந்த வெள்ளை முகமூடி ஒண்ணுதான். அதுவும் இருட்டான படம்தான், ஆனா இருட்டு நடுவுல வெள்ளை இருக்கு.

உங்க கேம்ல முகம் யாரு?

நட்டுபோல்ட்:
மெக்கானிக் ஒரு பாட்டி. மஞ்சள் ஓவரால், கையில ஸ்பானர்.

கோலப்பொடி:
பாட்டியா!! அட்டையில பாட்டியே இல்லையா??

பழையசோறு:
பாட்டி விஷயத்துல நானும் அதே கட்சி. ஆனா எண்ணிக்கையை நம்பறதுல கொஞ்சம் நிதானம் வேணும். எந்த இடத்துல காட்டப்பட்டுச்சுன்னு பிரிச்சுப் பாருங்க. தேடல்ல பேரைத் தட்டி வர்றவன் எப்படியும் கிளிக் பண்ணுவான். முகப்புல கண்ணை ஓட்டறவன் அப்படி இல்ல. எல்லாத்தையும் ஒண்ணா கலந்து சராசரி எடுத்தா ஒண்ணும் புரியாது.

கூகுள் ப்ளேல ரெண்டு படத்தை ஒரே நேரத்துல ஓடவிட்டு ஒப்பிடலாம். ஸ்டீம்ல அந்த வசதி இல்ல. அதனால மாத்தினா அட்டையை மட்டும் மாத்துங்க, ட்ரெய்லரையும் டேக்கையும் (கேம் என்ன வகைன்னு சொல்ற குறிச்சொல்) அதே வாரம் தொடாதீங்க. சேல் சமயத்துலயோ, ஸ்டீம் நடத்தற நெக்ஸ்ட் ஃபெஸ்ட்ங்கற டெமோ திருவிழா சமயத்துலயோ மாத்திட்டு ‘ஆஹா ஏறிடுச்சு’ன்னு குதிக்காதீங்க, அது கூட்டத்தோட ஏற்றம். நான் ஒருதடவை குதிச்சிருக்கேன்.

நட்டுபோல்ட்:
சரி, இப்போ வீட்டுப் பிரச்சினை. தம்பிகிட்ட எப்படிச் சொல்றது? காசு வாங்காம வரைஞ்சு குடுத்தான். ‘நல்லா இல்ல’ன்னு சொன்னா சித்தி வீட்டுக்கு தீபாவளிக்குப் போக முடியாது.

பழையசோறு:
‘நல்லா இல்ல’ன்னு ஏன் சொல்றீங்க? 120×45 படத்தைக் காட்டுங்க. வரையறவனுக்கு அது போதும், அவனே தலையில அடிச்சுப்பான். தப்பு அவன்மேல இல்ல, எந்த அளவுல பாப்பாங்கன்னு நீங்க சொல்லவே இல்ல.

இந்தத் தடவை காசு குடுங்க. வணிகத்துக்குப் பயன்படுத்தற உரிமை உங்களுக்குன்னு ரெண்டு வரி எழுதி வாங்கிக்கங்க, சொந்தக்காரன்னாலும். முக்கியமா ஃபைலை லேயரா கேளுங்க: பேரு தனி, பாட்டி தனி, நீர்மூழ்கி தனி, பின்னணி தனி. 920×430 படுத்த படம், 748×896 நின்ன படம், லைப்ரரிக்கு (வாங்கின கேம்கள் இருக்கற இடம்) 600×900. படுத்ததை வெட்டி நிக்கவைக்க முடியாது, ஒவ்வொண்ணுக்கும் அடுக்கி வைக்கணும். லைப்ரரில கேம் பக்கத்துல மேல வர்ற அகலமான படம், 3840×1240ல லைப்ரரி ஹீரோன்னு ஒண்ணு இருக்கு, அதுல எழுத்தே வரக்கூடாது, லோகோவைத் தனியா பின்னணி இல்லாத பிஎன்ஜியா ஏத்தணும். ஒட்டின படமா வாங்கினா ஒவ்வொரு அளவுக்கும் தம்பி வீட்டு வாசல்ல நிப்பீங்க.

சின்ன கேப்சூல்ல மட்டும் ஓவியத்தை மறந்துடுங்க. பேரே முக்கால்வாசி இடத்தை அடைக்கட்டும்.

நட்டுபோல்ட்:
ஆறு வார்த்தை எப்படி அடைக்கும்?

கப்பிக்கல்:
முக்கியமான ரெண்டு வார்த்தையைத் தடியா, பெரிசா. ‘தி’, ‘ஆஃப்’ எல்லாம் நடுவுல சின்னதா ஒளிஞ்சுக்கட்டும். இல்ல பேரையே சுருக்குங்க, இன்னும் வெளியிடலையே. நானா இருந்தா சுருக்கிடுவேன்.

நட்டுபோல்ட் (ஐந்து வாரம் கழித்து):
எல்லாருக்கும் நன்றி. தம்பிகிட்ட குட்டிப் படத்தைக் காட்டினேன். ‘அண்ணா, இதை எப்படி இத்தனை நாள் விட்டே’ன்னு என்னையே திட்டினான். பேரை மூணு வார்த்தையா சுருக்கியாச்சு. புது அட்டையில வட்ட ஜன்னல், உள்ளே மஞ்சள் வெளிச்சம், பாட்டி ஒரு கையில ஸ்பானர், ஒரு கையில டீ கிளாஸோட வெளியே எட்டிப் பாக்கறா. ஜன்னல் கண்ணாடியில, உத்துப் பாத்தா மட்டும், திமிங்கிலத்தோட கண்ணு. அதை மட்டும் விட்டுக்குடுக்கல.

பதினேழு நாளா ஓடுது, நடுவுல சேல் எதுவும் இல்ல. முகப்புலேர்ந்து வர்ற கிளிக் முன்னைவிட ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல. தேடல்ல பெரிய வித்தியாசம் இல்ல, பழையசோறு அண்ணன் சொன்னபடியே. இட்ச்ல பழைய படத்தையே விட்டுட்டேன்.

ஒரே ஒரு சிக்கல். விஷ்லிஸ்ட்ல போட்டவங்களுக்கு அட்டையோட இடது மேல் மூலையில ஒரு பட்டை வருது இல்ல, அது சரியா பாட்டி கொண்டை மேல உக்காருது.

கோலப்பொடி:
பாட்டியை வலது பக்கம் நகத்துங்க. லேயராதானே வாங்கினீங்க?

நட்டுபோல்ட்:
வாங்கினேன். இதோ நகத்தறேன்.