ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டில் நெற்றி வலி, வெக்கை: தேனி ரோட்டில் தினமும் ஓட்டுபவர்கள் என்ன செய்கிறீர்கள்?

உசிலை ரூட்

வணக்கம். நான் மருந்து ரெப். வீடு மதுரையில் காளவாசல் பக்கம். நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணி, உசிலம்பட்டி, சில நாள் ஆண்டிபட்டி கணவாய் தாண்டித் தேனி வரை போவேன். வண்டி 150 சிசி. காலையில் கிளம்பினால் உச்சி வெயிலில் ஏதாவது இரண்டு ஊருக்கு நடுவில்தான் இருப்பேன். திரும்பும்போது இருட்டிவிடும்.

இத்தனை வருடமும் தாடை திறந்திருக்கும் ஹாஃப் ஃபேஸ் ஹெல்மெட்தான். போன மாதம் இதே லைனில் ஓடும் இன்னொரு ரெப், என் நண்பர், உசிலம்பட்டிக்கு முன்னால் ரோட்டில் காயப்போட்டிருந்த சோளத்தட்டையில் வழுக்கி விழுந்தார். வேகம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஹெல்மெட் போட்டு, வாரும் மாட்டியிருந்தார். மண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழ்த்தாடை உடைந்து பல்லோடு பல் சேர்த்துக் கம்பி கட்டியிருக்கிறார்கள். கஞ்சியும் ஜூஸும்தான் சாப்பாடு. ஊன்றிய வலது கையில் உள்ளங்கைத் தோல் இல்லை. அவரைப் பார்த்துவிட்டு வந்த அன்றே வீட்டம்மா சொல்லிவிட்டார், இனி ஃபுல் ஃபேஸ் இல்லாமல் வண்டியை எடுக்கக் கூடாது என்று. வாங்கிவிட்டேன்.

ஆனால் போட முடியவில்லை. நெற்றியின் நடுவில், திருநீறு வைக்கும் இடத்தில், ஒரே புள்ளியில் அழுத்துகிறது. செக்கானூரணி வருவதற்குள் கழற்றி வைத்துவிடலாமா என்று இருக்கிறது. மூக்குக்கண்ணாடியின் காம்பு கன்னத்துப் பஞ்சில் மாட்டிக்கொண்டு கண்ணாடி கோணலாக நிற்கிறது. பதினோரு மணிக்கு மேல் உள்ளே அவிகிறது. வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓட்ட வேண்டியிருக்கிறது. பின்னால் வரும் பஸ் ஹாரன் கேட்குமா என்றும் பயம்.

பழைய ஹாஃப் ஃபேஸுக்கே போய்விடலாமா? இல்லை, இதற்கு வழி இருக்கிறதா? ஜாக்கெட், கையுறை எல்லாம் நம் வெயிலுக்கு ஆகுமா? தினமும் ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

சிம்மக்கல்

தம்பி, நான் யானைக்கல்லிலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு வரை, அதிகம் போனால் மாட்டுத்தாவணி. ஸ்கூட்டர்தான். அந்த நெரிசலில் முப்பதைத் தாண்டவே முடியாது. எனக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம் உண்டு. கனமான ஹெல்மெட் போட்டால் சாயங்காலம் கழுத்தைத் திருப்ப முடியாது. ஃபுல் ஃபேஸ் போட்டால் பக்கத்தில் ஷேர் ஆட்டோ நுழைவதும் தெரியாது. அதனால் ஐஎஸ்ஐ போட்ட லேசான ஹாஃப் ஃபேஸ், வாரை இறுக்கி மாட்டி. எனக்கு அது போதும். உங்கள் ரோடு வேறு. அதற்கு நான் யோசனை சொல்ல மாட்டேன்.

மேலமாசி

சார், ஹெல்மெட் கடை கவுன்ட்டரில் பல வருடம் நின்றவன் என்பதால் சொல்கிறேன். உங்கள் வலிக்குக் காரணம் ஃபுல் ஃபேஸ் கிடையாது. அந்த ஹெல்மெட் உங்கள் தலைக்குச் சேரவில்லை. தயவுசெய்து ஹாஃப் ஃபேஸுக்குத் திரும்பாதீர்கள்.

தலையை மேலிருந்து பார்த்தால் சிலருக்கு வட்டமாக இருக்கும், சிலருக்கு முன்பின்னாக நீண்டிருக்கும். வட்டத் தலைக்கு வார்த்த ஓட்டுக்குள் நீண்ட தலை போனால் நெற்றி நடுவில்தான் அழுத்தும், பொட்டுக்கு மேலே சிவப்பாகத் தடம் விழும். கடைக்கு வருபவர்கள் இதற்கு ஒரு சைஸ் பெரிதாக வாங்கிப் போய்விடுவார்கள். வலி போய்விடும், ஆனால் ஹெல்மெட் தலையில் ஆடும். விழும்போது அது தலையோடு நிற்காமல் சுற்றிக்கொள்ளும். சைஸை மாற்றாதீர்கள், மாடலை மாற்றுங்கள்.

தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப்பைப் புருவத்துக்குச் சற்று மேலே வைத்து, பின்மண்டையின் புடைப்பைச் சுற்றி அளவெடுங்கள். கடையில் போட்டுப் பார்த்தவுடன் கழற்றாதீர்கள். கால் மணி நேரம் போட்டபடியே நில்லுங்கள்; கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நெற்றியில் புள்ளி வலி வந்தால் அந்த மாடல் வேண்டாம். கன்னம் மட்டும் இறுக்கமாக இருந்தால் பயப்படாதீர்கள், கன்னப் பஞ்சு போகப் போக இளகும். புதிதிலேயே கன்னம் லூஸாக இருந்தால்தான் தப்பு. கடைசியாக வாரை மாட்டிக்கொண்டு தலையைக் குனியுங்கள், கூட வந்தவரைப் பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னால் தூக்கச் சொல்லுங்கள். கழன்று வந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அதை எடுத்துக்கொண்டே கடைக்குப் போக வேண்டும். சில மாடல்களில் காம்பு நுழையக் கன்னப் பஞ்சில் பள்ளம் விட்டிருப்பார்கள். காம்பு வளையாமல் நேராக இருக்கும் பிரேம் என்றால் இன்னும் வசதி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வருகிறவர்கள் ஹெல்மெட்டின் வெளி ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, கெட்டியாக இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். உயிரைக் காப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஈபிஎஸ். டிவி பெட்டிக்குள் வருமே, அந்தத் தெர்மோகோல் மாதிரிதான் இருக்கும். அடி விழும்போது அது நசுங்கி, தலை நிற்க எடுக்கும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டிக் கொடுக்கிறது. ஒருமுறை நசுங்கினால் மறுபடி எழாது, அதனால் பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே பளபளவென்று இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைக்கவே கூடாது. வண்டியின் கண்ணாடிக் கம்பியில் மாட்டித் தொங்கவிடுவதும் வேண்டாம், உள்ளே பள்ளம் விழும்.

2021 ஜூன் 1 முதல் ஐஎஸ் 4151 தரத்தில் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை நாட்டில் விற்கவே கூடாது. ரோட்டோரத்தில் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டி விற்பதும் நடக்கிறது. முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் எண் இருக்கும். பிஐஎஸ் கேர் ஆப்பில் அதைப் போட்டால் எந்தக் கம்பெனியின் உரிமம் என்று காட்டும். பட்ஜெட் இருந்தால் ஈசிஇ 22.06 என்ற ஐரோப்பியத் தரம் உள்ளதாகப் பாருங்கள், அதில் சாய்வாக விழும் அடியில் தலை சுழல்வதையும் சோதிக்கிறார்கள்.

வெக்கைக்கு: தாடையிலும் உச்சியிலும் உள்ளே போகும் காற்றுவழியும், பின்னால் வெளியே வரும் வழியும் சேர்ந்து இருக்கும் மாடலாக எடுங்கள். உள்பஞ்சு கழற்றித் துவைக்கிற மாதிரி இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை ஷாம்பூவில் அலசி நிழலில் காயப்போடுங்கள். உள்ளே மெல்லிய முகமூடித் தொப்பி போட்டால் வேர்வை அதில் ஊறும், கண்ணில் இறங்காது. இரண்டு மூன்று வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். நிறம் வெள்ளை. வெயிலுக்கும் நல்லது, அடுத்தவர் கண்ணிலும் படும். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் செய்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில், கறுப்பு ஹெல்மெட்காரர்களைவிட வெள்ளை போட்டவர்களுக்கு அடிபடும் ஆபத்து 24 சதவீதம் குறைவாக இருந்தது. இருட்டில் திரும்புவதால் கூலிங் வைசர் வேண்டவே வேண்டாம்.

சிம்மக்கல் அண்ணே, கழுத்து விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். பார்வை விஷயத்தில் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஈசிஇ விதிப்படி நேர் பார்வையிலிருந்து இரண்டு பக்கமும் 105 டிகிரி மறைக்காமல் இருக்க வேண்டும். ஷேர் ஆட்டோ தெரியும். முகத்தைத் தூக்கிவிடும் ஃபிளிப் அப் மாடல் சிலருக்குப் பிடிக்கும், ஆனால் அது இன்னும் கனம்; உங்களுக்கு ஆகாது.

நைட் டூட்டி

எலும்பு முறிவு வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஒன்றே ஒன்றுதான். வாரை மாட்டுங்கள். ஹெல்மெட் போட்டிருந்தாரா என்று கேட்டால், போட்டிருந்தார் சிஸ்டர், விழும்போது கழன்று போய்விட்டது என்பார்கள். அடிக்கடி கேட்கிற பதில் இது. செக்கிங்கில் 1000 ரூபாய் அபராதத்துக்குப் பயந்து தலையில் கவிழ்த்து வைத்தால் போலீஸ்காரருக்குத்தான் அது ஹெல்மெட். வாருக்கும் தொண்டைக்கும் நடுவில் இரண்டு விரல் போகிற அளவு, அவ்வளவுதான் இடைவெளி.

பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2008-ம் ஆண்டு காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பில், ஹெல்மெட் தலைக்காயத்தை 69 சதவீதமும் சாவை 42 சதவீதமும் குறைப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பில்லியனில் உட்காருகிறவருக்கும் இது பொருந்தும். வண்டி ஓட்டுகிற மகன் வீட்டுக்குப் போவார், பின்னால் உட்கார்ந்த அம்மா எங்களிடம் இருப்பார். அதைப் பார்க்கப் பொறுக்காது.

திருநகர் டீச்சர்

சிஸ்டர் சொன்னதற்காகவே எழுதுகிறேன். பெண்கள் ஹெல்மெட் வேண்டாம் என்பதற்கு நம் ஊரில் பாதிக் காரணம் கொண்டையும் பூவும். கொண்டை போட்டு மல்லிகை வைத்துக்கொண்டு ஹெல்மெட்டைக் கவிழ்த்தால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு முன்விளிம்பு கண்ணை மறைக்கும், வார் எட்டாது. நான் பின்னலைக் கழுத்துக்குக் கீழே இறக்கிப் போட்டுவிட்டு, ஹெல்மெட் மாட்டிய பிறகு விளிம்புக்குக் கீழே பின்னலில் பூவைக் குத்திக்கொள்கிறேன். பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை கசங்காது. துப்பட்டாவை முதுகுக்குப் பின்னால் முடிச்சுப் போடுவதும் ஹெல்மெட் மாதிரியே கட்டாயம் என்று என் மாணவிகளிடம் சொல்லியிருக்கிறேன்.

நான்கு வயதைத் தாண்டிய பிள்ளைக்கும் சட்டப்படி ஹெல்மெட் உண்டு. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை உள்ள குழந்தையோடு போனால் பெல்ட்டும் குழந்தை ஹெல்மெட்டும் வேண்டும், 40-ஐத் தாண்டக் கூடாது. 2023 பிப்ரவரி முதல் இந்த விதி. பெரியவர்கள் ஹெல்மெட்டைப் பிள்ளை தலையில் வைத்துக் கூட்டிப் போகாதீர்கள், தயவுசெய்து.

உசிலை ரூட்

எல்லோருக்கும் நன்றி. மேலமாசி அண்ணே, நீங்கள் சொன்ன சிவப்புத் தடம் அப்படியே எனக்கு இருக்கிறது. மாற்றிக் கொடுக்கக் கடைக்காரர் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

ஜாக்கெட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? ஃபுல் கை சட்டையை இன் பண்ணி டாக்டர் ரூமுக்குள் போக வேண்டியவன் நான். அதற்கு மேல் ஜாக்கெட் போட்டால் சட்டை நனைந்துவிடும்.

கணவாய்

நண்பரே, நானும் அந்த ரோடுதான், வாரத்தில் பாதி நாள் தேனி. கணவாய் வளைவுகளில் டிப்பர் லாரி சிந்திவிட்டுப் போன எம் சாண்ட் கிடக்கும். உசிலம்பட்டி பக்கம் அறுவடைக்காலத்தில் தட்டை, கொள்ளு, எள்ளு எல்லாம் ரோட்டில்தான் காயும். அதில் பிரேக்கைத் தொடவே கூடாது. தூரத்தில் பார்த்தவுடனே வேகத்தைக் குறைத்து, வண்டியைச் சாய்க்காமல் நேராகக் கடந்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்க வேண்டாம். முதலில் கையுறை. விழுகிற எவரும் கையைத்தான் ஊன்றுவார், உங்கள் நண்பருக்கு நடந்ததும் அதுதான். உள்ளங்கையில் தோலோ வழுக்கும் பிளாஸ்டிக் பட்டையோ இருக்கிற, மேல்பக்கம் துளை விட்ட கோடைக் கையுறையாகப் பாருங்கள். மணிக்கட்டில் பட்டை இறுக வேண்டும். அடுத்தது கணுக்காலை மூடும் ஷூ. ரெப்புக்குக் கறுப்புத் தோல் ஷூ எப்படியும் வேண்டுமே, அதையே கணுக்கால் உயரத்தில் வாங்கிவிடுங்கள்.

மூன்றாவதுதான் ஜாக்கெட். மெஷ் ஜாக்கெட், அதாவது வலை மாதிரித் துணியில் தைத்தது என்று கேளுங்கள். ஓடும்வரை காற்று உள்ளே போய் வேர்வையை உலர்த்தும். நின்றால் புழுங்கும், அதை மறைக்க மாட்டேன். டீக்கடையில் நின்றதும் ஜிப்பை இறக்கிவிடுங்கள். சித்திரை வைகாசியில் நான் உள்ளே போடும் பனியனைச் செக்கானூரணியில் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து போட்டுக்கொள்வேன். உசிலம்பட்டி வரை குளுகுளுவென்று இருக்கும். சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, போகிற இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். இன்னொரு சக ரெப்பும் இப்படித்தான் செய்கிறார், சட்டை மடிப்புக் கலையாமல் இருப்பதாகச் சொல்கிறார்.

வாங்கும்போது தோள், முழங்கையில் அடி தாங்க வைத்திருக்கும் பட்டையில் ஈஎன் 1621-1 என்ற ஐரோப்பியத் தர எண் அச்சடித்திருக்கிறதா என்று வெளியே எடுத்துப் பாருங்கள். முதுகில் பல கம்பெனிகள் வெறும் ஸ்பாஞ்சு வைத்து அனுப்பும். அதை எடுத்துவிட்டு ஈஎன் 1621-2, லெவல் 2 முதுகுப் பட்டையைத் தனியாக வாங்கிச் செருகுங்கள். துணிக்குத் தனித் தரம் ஈஎன் 17092. ஏஏஏ உயர்ந்தது, அப்புறம் ஏஏ, ஏ. நம் வெயிலுக்கான மெஷ் ஜாக்கெட்டுகள் பெரும்பாலும் ஏ, நல்லது ஏஏ. ஏஏஏ வாங்கி ஆணியில் தொங்கவிடுவதற்கு ஏ வாங்கித் தினமும் போடுவது மேல். தாடையில் மட்டும் இந்தச் சமரசம் வேண்டாம்.

ஹாரன் பயத்துக்கு: அறுபதைத் தாண்டினால் ஹாஃப் ஃபேஸில் காற்றின் இரைச்சல்தான் காதை நிரப்பும். ஃபுல் ஃபேஸில் அது குறையும், பஸ் ஹாரன் கேட்கத்தான் செய்யும். இருந்தாலும் காதை நம்ப வேண்டாம், இரண்டு பக்கக் கண்ணாடியையும் சரியாக வைத்து ஓட்டுங்கள்.

உசிலை ரூட்

கையுறை இந்த மாதமே. அளவெடுத்தேன், 58 செ.மீ. வருகிறது. எம் கேட்கவா, எல் கேட்கவா?

மேலமாசி

எழுத்தைப் பார்க்காதீர்கள் சார். 58 ஒரு கம்பெனியில் எம், இன்னொன்றில் எல். உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளில் 580 மி.மீ. என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சனிக்கிழமை சாயங்காலம் கடையில் கூட்டமாக இருக்கும், கால் மணி நேரம் நிற்க விடமாட்டார்கள். வார நாளில் மத்தியானம் போங்கள், மூக்குக்கண்ணாடியோடு.